3,800 ரூபாய்க்கு 20 கொரோனா கிட், C கோடே வரலை: வாங்குறவங்க பார்த்துக்கோங்க

வீட்டுலயே பார்க்கிற கொரோனா ஆன்டிஜென் கிட்டை மொத்தமா வாங்குறவங்க ஒரு நிமிஷம் நின்னு படிங்க. மருந்து விற்கிற ஆன்லைன் தளம் ஒண்ணுல 20 கிட் உள்ள பெட்டி, 3,800 ரூபாய். இன்னைக்குப் பிரிச்ச 6-ல 4-க்கு, டெஸ்ட் ஒழுங்கா வேலை செஞ்சுதான்னு காட்டுற C கோடே வரலை.

நோய் இருக்குன்னு காட்டுற T கோடு வரலை, C-யும் வரலைன்னா அது நெகட்டிவ் இல்ல. அந்த டெஸ்ட்டே செல்லாது. நோய் இருந்தாலும் இல்லாட்டியும் C வந்தே தீரணும். இது தெரியாதவங்க சொட்டு விடுற பிளாஸ்டிக் கேசட் வெள்ளையா இருக்கிறதைப் பார்த்து "அப்பாடா"ன்னு கிளம்பிடுவாங்க. எனக்குக் கோபமே அதுலதான்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி விற்பனையாளர்கிட்ட போன்ல கேட்டேன். "கம்பெனியிலிருந்து நேரா வந்த ஸ்டாக் சார், காலாவதியாக இன்னும் 14 மாசம் இருக்கு, தைரியமா வாங்குங்க"ன்னார். தயங்காம வந்த பதில். நம்பிட்டேன். பெட்டி மேலயும் அதே தேதிதான் இருந்துச்சு.

புகார் சொன்னதும் முதல் பதில், "சொட்டு குறைவா விட்டிருப்பீங்க." தாள்ல 4 சொட்டுன்னு போட்டிருக்கு, 4 எண்ணித்தான் விட்டது. சரி, தப்பு கையிலயா கிட்லயான்னு பார்க்க, மூக்குல விட்டு எடுக்கிற குச்சியே போடாம, கிட்டோட வர்ற பஃபர் திரவத்தை மட்டும் 4 சொட்டு புது கேசட்ல விட்டேன். நல்ல கிட்டா இருந்தா C மட்டும் சிவக்கும். 15 நிமிஷம் ஆச்சு, ஒண்ணுமே இல்ல. திரவம் பாதிப் பட்டையிலயே நின்னுடுச்சு.

அப்புறம்தான் பவுச்சுக்குள்ள பார்த்தேன். ஈரம் உறிஞ்சுற குட்டிப் பாக்கெட்ல நீலமா இருக்க வேண்டிய மணியெல்லாம் இளஞ்சிவப்பா மாறியிருக்கு. ஈரம் உள்ள போயிருக்குன்னு அர்த்தம். பவுச் ஓரத்தை வெளிச்சத்துல பிடிச்சா ஊசிமுனை அளவு ஓட்டை. கோட்டுக்கு நிறம் கொடுக்கிற துகளும் அதைப் பிடிக்கிற ஆன்டிபாடியும் பட்டையில உலர்த்தி வச்சது. ஈரமும் சூடும் பட்டா அது கெட்டுப்போயிடும். பெட்டித் தேதியை நகத்தால சுரண்டினா ஸ்டிக்கர் வருது! அடியில இருக்கிற தேதி முடிஞ்சு 5 மாசம் ஆச்சு. பவுச்ல தேதி இருந்த இடம் துடைச்ச மாதிரி மங்கிக் கிடக்கு.

கஸ்டமர் கேர்ல "தேதியை நீட்டிச்சிருக்காங்க"ன்னாங்க. அமெரிக்காவுல சில கிட்டுகளுக்கு, மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற எஃப்டிஏ அமைப்பு அப்படி நீட்டிச்சது உண்மைதான், ஆனா எந்த கிட், எந்தத் தேதின்னு வெளிப்படையா பட்டியல் போட்டாங்க. அப்படி ஒரு பட்டியலைக் காட்டுங்கன்னு கேட்டேன். "பிரிச்ச மருத்துவப் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்"னு சொல்லி டிக்கெட்டையே மூடிட்டாங்க. பிரிக்காம எப்படிங்க கெட்டதுன்னு தெரியும்? 3,800 ரூபாய் போச்சு.

அவசரமா சொல்றேன். பெட்டியிலயும் பவுச்லயும் லாட் நம்பரும் தேதியும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. தேதியை நகத்தால சுரண்டிப் பாருங்க. பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. பெரும்பாலான கிட்டுல 30 டிகிரிக்கு மேல வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கும், அதனால வெயில் காலத்துல மொத்தமா வாங்காதீங்க. தாள்ல சொன்ன நேரம் தாண்டி வர்ற மங்கல் கோட்டைக் கணக்குல எடுக்காதீங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. மிச்சம் 13 கிட்டும் அந்த ஸ்டிக்கரோட அப்படியே இருக்கு, 3,800 ரூபாய் திரும்பி வர்ற வரைக்கும் தூக்கிப் போட மாட்டேன்.