கலரில் ஒரு இருட்டு: ‘ஸ்லைட்லி ஸ்கார்லெட்’ டிவிடி

பழைய க்ரைம் படம் என்றால் கறுப்பு வெள்ளைதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1956-ல் வந்த இந்தப் படம் டெக்னிகலர்.

முதலில் டிஸ்க். ஆன்லைனில் வாங்கியது, பெட்டி ஓரம் உடைந்து வந்தது, சப்டைட்டில் கிடையாது, விற்றவருக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. சரி, போகட்டும். சத்துவாச்சாரியில் மே மாத வெயிலுக்கு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, பட்டப்பகலில் இருட்டாக்கி அப்பாவும் நானும் உட்கார்ந்தோம்.

ஊரையே கையில் வைத்திருக்கும் தாதா சாலி காஸ்பர். மேயர் தேர்தலில் நிற்கும் யோக்கியமான வேட்பாளரைக் கவிழ்க்க ஏதாவது சிக்குமா என்று பென் கிரேஸை அனுப்புகிறான். வேட்பாளரின் செக்ரட்டரி ஜூன். அவள் தங்கை டாரதி திருட்டு கேஸில் உள்ளே இருந்துவிட்டு வெளியே வரும்போது பென் ஒளிந்து நின்று போட்டோ எடுக்கிறான். அப்புறம் முதலாளியையே போட்டுக்கொடுத்து, யோக்கியரை ஜெயிக்க வைத்து, அந்தச் சூட்டோடு தனக்கு வேண்டிய ஆளை போலீஸ் சீஃப் ஆக்கி, பழைய தொழிலைத் தானே எடுத்துக்கொள்கிறான். “இன்னாடா, இவன் எந்தக் கட்சி?” என்று அப்பா மூன்று முறை கேட்டுவிட்டார். 2019-ல் பணம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஊரெல்லாம் ஓட்டுப்போட்டு முடித்தபிறகு ஆகஸ்ட் 5-ல் தனியாகப் போய் மை வைத்துக்கொண்டு வந்த வேலூர்க்காரர், அவருக்கே பிடிபடவில்லை.

படத்தைத் தூக்கி நிறுத்துவது ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன். பெரிய பங்களா, பச்சையும் ஆரஞ்சுமாக சாமான்கள், ஆனால் பாதி அறையில் விளக்கே இல்லை. பேசிக்கொண்டே நகர்கிற ஆள் நிழலுக்குள் போய்விடுகிறான், குரல் மட்டும் வருகிறது. அந்தக் கறுப்புக்கு நடுவில் அக்கா தங்கை இரண்டு பேருடைய செம்பட்டை முடி மட்டும் அடுப்புத் தணல் மாதிரி தெரியும், டிவி வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள், கெட்டுவிடும்.

நடுவில் இழுக்கிறது. வேட்பாளர் ஜூனிடம் காதல் பேசும் இடங்களில் நான் டீ போடப் போய்விட்டேன். பென்னாக வரும் ஜான் பெயினுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே முகம். டாரதியாக வரும் ஆர்லீன் டாலுக்கு மட்டும் சலிப்பே இல்லை. மீன் குத்தும் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் விளையாடும் இடத்தில், படுத்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

படத்துக்கு ஐந்துக்கு நாலு, டிஸ்க்குக்கு ஒன்றரை.