பகல் உச்சமா, இரவுத் தாழ்வா? நுவரெலியா வெப்பப் பதிவில் எதைப் பார்ப்பது?

"முந்தி இருந்த குளிர் இப்ப இல்லை" என்று நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களின் லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியவர்கள் சொல்வார்கள். அதைப் பதிவேட்டில் சரிபார்க்க இரண்டு எண்கள் உண்டு: பகலின் அதிகபட்சம், இரவின் குறைந்தபட்சம்.

பகல் எண்ணை மேகம் ஆட்டிவைக்கும். யூன் முதல் ஓகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மூடிக்கிடந்தால் உச்சம் இறங்கும். மழை பொய்த்தால் ஏறும். அதனால் போக்கு தெரிய 30 ஆண்டாவது வேண்டும். வறட்சி பற்றிப் பேச மட்டும் பகல் எண் போதும்.

என் ஓட்டு இரவுக்குத்தான், அதுவும் பருவம் பிரித்துப் பார்த்தால். ஆண்டுச் சராசரியில் சனவரி, பெப்ரவரி கரைந்துபோகும். ஆனால் உறைபனி விழுவது அந்த மாதங்களில்தான்: மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை வெப்பத்தை இழக்க, கனத்த குளிர்காற்று சரிவிறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடிந்தால் பள்ளத்துத் தேயிலை கருகிக் கிடக்கும், மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்கும்.

ஒரு சிக்கல்: வெப்பமானிப் பெட்டி தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கும். அது 3 பாகை காட்டும்போதே கீழே புல் உறைந்திருக்கலாம். அப்புறம், பக்கத்தில் கட்டடம் எழும்பினாலும் இரவு எண்தான் முதலில் ஏறும். ஊர் வளர்ந்ததையும் காலநிலை மாறியதையும் பிரிக்காமல் வரைகோட்டை நம்பக் கூடாது. நகரத்துப் பதிவோடு தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பதிவையும் வைத்துப் பார்ப்பது நல்லது; அது தேயிலைக்கு நடுவே எடுத்தது.