மந்தைவெளி வாடகை நூலகத்தின் துப்பறியும் அலமாரி

மந்தைவெளியில் ஒரு வீட்டின் முன்னறையில் நடக்கும் இந்த வாடகை நூலகத்தில் நான் ஆறு ஆண்டுகளாக உறுப்பினன். மாதச் சந்தா 150 ரூபாய். துப்பறியும் கதைகளுக்கென்றே இரண்டு பீரோக்கள் இருக்கின்றன. பழைய மாத நாவல்களை நான்கு நான்காகச் சேர்த்துத் தைத்து, காலிகோ முதுகு ஒட்டியிருப்பதால் தாள்கள் பிரியாமல் இருக்கின்றன.

கிண்டியில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் அச்சகத்தை நடத்துபவன் என்பதால், கொலையாளி யார் என்பதைவிட, விசாரிப்பவருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதையே நான் அதிகம் கவனிக்கிறேன். ஷெர்லக் ஹோம்ஸுக்கு மேலதிகாரி கிடையாது. ஆகவே வழக்கு முடிந்ததும் பெயரை லண்டன் காவல் அதிகாரி லெஸ்ட்ரேடுக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கிக்கொள்ள அவரால் முடிகிறது. சிம்னோன் படைத்த பாரிஸ் காவல் அதிகாரி மெக்ரேவுக்கு அந்த வசதி இல்லை. விசாரணை நீதிபதி கொமெலியோ அவரை மேலிருந்து நெருக்குவார். ஆனால் அந்த நெருக்கடியை மெக்ரே தம் உதவியாளர்கள் லூக்கா, ழான்வியே தலையில் இறக்குவதில்லை. விசாரணை இரவெல்லாம் நீண்டால், பக்கத்து உணவகத்திலிருந்து பீரும் சாண்ட்விச்சும் வரவழைப்பார். நம் சுஜாதாவின் வக்கீல் கணேஷோ, தம் ஜூனியர் வசந்த் மனத்தில் பட்டதையெல்லாம் பேச இடம் கொடுத்து, அதில் வழக்குக்கு உதவுவதை எடுத்துக்கொள்கிறார்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஒருமுறை திருமண அழைப்பிதழில் முகூர்த்த நேரம் தவறாக அச்சானபோது, "யார் செய்தது?" என்று கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் ப்ரூஃப் தாள்களை மேசையில் வரிசையாக விரித்து, எந்த இடத்தில் தவறியது என்று எல்லோருமாகப் பார்த்தபோதுதான், வாடிக்கையாளர் தொலைபேசியில் சொன்ன திருத்தம் தாளில் ஏறவேயில்லை என்று தெரிந்தது. அந்தத் தொலைபேசியை எடுத்தவன் நான்.

நூலகத்தை நடத்தும் பெரியவரிடமும் மெக்ரேவின் குணத்தைக் கண்டிருக்கிறேன். கடைசிப் பக்கங்கள் இல்லாத நாவல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபோது, பதிவேடு எழுதும் பெண் யாரையும் கேட்காமல், "இதுக்குப் பதிலா ரெண்டு எடுத்துக்குங்க சார்" என்றாள். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

குறைகளும் உண்டு. சிம்னோன் இங்கே ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கிறார்; மாலை ஏழு மணிக்கே மூடிவிடுவதால் வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிறு காலைதான் வர முடியும். அப்படி வருகிறவர்கள் இரண்டாவது பீரோவின் அடித்தட்டிலிருந்து தேடத் தொடங்கலாம்.