பசிலஸா, சூடோமோனாஸா? நம்ம குளிர் மண்ணுக்கு எது

தக்காளிச் செடி மத்தியானத்தில் பச்சையாகவே துவண்டு நின்றால் உடனே தண்ணீர் வாளியைத் தூக்காதீர்கள். தண்டை அடியோடு வெட்டி, வெட்டுமுனையைத் தெளிந்த தண்ணீர்க் கிளாஸில் அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி ஒன்று கீழே இறங்கினால் அது பக்டீரியா வாடல்தான். இலங்கை மலைநாட்டு வெலிமடையில் மாமாவின் பாத்தியில் அந்த நூலைப் பார்த்த அன்று எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்தச் செடியைக் காப்பாற்ற எதுவும் இல்லை, பசிலஸ், சூடோமோனாஸ் என்று கடையில் விற்கும் நல்ல பக்டீரியா பவுடராலும் முடியாது. பவுடர் இன்னும் நடாத நாற்றுக்கு. நடுவதற்கு முன் வேரை அதன் கரைசலில் நனைக்க வேண்டும்.

சரி, எந்தப் பவுடர்? சூடோமோனாஸ் புளோரசன்ஸ் வேரைச் சுற்றி வேகமாகப் பெருகி, மண்ணிலுள்ள இரும்பைத் தானே பிடித்துக்கொண்டு நோய்க்கிருமியைப் பட்டினி போடும். குளிரிலும் வளரும், அதனால் 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியா மண்ணுக்குப் பொருத்தமானது இதுதான் என்று தோன்றும். ஆனால் இதற்கு விதை மாதிரி உறங்கிக் கிடக்கும் வித்து கிடையாது. பவுடர் பாக்கெட் கடையில் மாதக்கணக்கில் வெயில்பட்டுக் கிடந்தால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் வெறும் மாவுதான்.

பசிலஸ் சப்டிலிஸ் வித்தாக மாறி வறட்சியையும் சூட்டையும் தாங்கும், பங்கசு எதிர்ப்புப் பொருட்களையும் சுரக்கும், நாற்றழுகலுக்கு நல்ல தடுப்பு. குளிர் மண்ணில் விழித்தெழக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். தயாரித்த தேதி புதிதாக இருந்து, வீட்டில் நிழலான இடமும் இருந்தால் சூடோமோனாஸ் எடுங்கள். மற்றபடி என் தேர்வு பசிலஸ், ஏனென்றால் கொழும்பிலிருந்து லொறியில் வந்து கடைத் தட்டில் காத்துக் கிடந்த பிறகும் அதில் உயிர் இருக்கும்.

கொப்பர் (செம்பு) பங்கசு மருந்து வேறு கதை. 1946இல் இலங்கைத் தேயிலைக்கு வந்த, இலையில் கொப்புளம் போடும் பங்கசு நோய்க்கு இன்றும் அதுதான் கை கொடுக்கிறது, மழைக்காலத்தில் கொழுந்தில் அதன் வேலையைப் பக்டீரியா செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கொப்பர் நல்ல பக்டீரியாவையும் கொல்லும், ஒரே டாங்கியில் இரண்டையும் கலக்கவே வேண்டாம்.

மாமாவுக்கு பசிலஸ் வாங்கிக் கொடுத்தேன், பக்கத்துப் பாத்திக்கு மட்டும். வாடல் வந்த பாத்தியில் அதே வாடல் பிடிக்கும் தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி, இந்தப் போகம் அங்கே லீக்ஸ் நட்டிருக்கிறோம்.