ஆளைச் சுட்ட ‘ஹூ’வா, ‘ஹூம்’மா, ‘தட்’டா?

கல்லடியில் பின்னேர ஆங்கில ரியூசனில் சாதாரண தரப் பிள்ளை ஒருத்தி கொப்பியில் ‘த டீச்சர் விச் ஐ மெட்’ என்று எழுதியிருந்தாள். ‘விச்’சை வெட்டினேன். “அப்ப எதைப் போடுறது மிஸ்?” என்றாள்.

‘விச்’ இன்று ஆட்களுக்கு ஆகாது. 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில் பரமண்டலப் பிதாவையே ‘விச்’ போட்டுத்தான் அழைத்தார்கள். அந்த வழக்கு எப்போதோ போய்விட்டது. இப்போது அது நம் அஃறிணை மாதிரி.

‘தட்’டைக் கண்டால் சிலர் உடனே பிழை போடுகிறார்கள். அது அநியாயம். ஆட்களுக்கு ‘தட்’ போடுவது ஆங்கிலத்தில் மிகப் பழைய வழக்கம். ஆனால் ‘மை மதர், ஹூ லிவ்ஸ் இன் கல்முனை’ என்று காற்புள்ளி வைத்துக் கூடுதல் தகவல் சொல்லும்போது ‘தட்’ நிற்காது, ‘ஹூ’தான். பரீட்சையிலும் ‘ஹூ’வே பாதுகாப்பு.

பிள்ளைகள் உண்மையில் திண்டாடுவது ‘ஹூ’வுக்கும் ‘ஹூம்’முக்கும் நடுவில். அதற்கு நம் மொழியிலேயே காரணம் இருக்கிறது. ‘கண்ட பெண்’ என்கிறோம். அவள் கண்டாளா, அவளைக் கண்டார்களா? தமிழ்ப் பெயரெச்சம் இரண்டுக்கும் ஒரே உருவம்தான். ஆங்கிலத்தில் அதைப் பிரித்தாக வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கும் வழி இதுதான்: அந்தத் துண்டைத் தனி வசனமாக்கிப் பாருங்கள். ‘அவர் மீன் விற்றார்’ என்று வந்தால் ‘ஹூ’. ‘அவரைப் பாலத்தடியில் கண்டேன்’, ‘அவரோடு கதைத்தேன்’ என்று ‘ஐ’, ‘ஓடு’ உருபு ஒட்டினால் ‘ஹூம்’. ‘ஹிம்’, ‘ஹூம்’ இரண்டும் ‘ம்’மில் முடிவதையும் காட்டிவிடுவேன், அது மறக்காது.

‘ஐ திங்க்’ இடையில் வந்தால் மட்டும் கவனம். ‘த மேன் ஹூ ஐ திங்க் இஸ் த டிரைவர்’ என்பதில் ‘அவர்தான் டிரைவர்’ என்பதே உள்ளே இருக்கிறது. அதனால் அங்கே ‘ஹூம்’ பிழை.

பேச்சில் ஆங்கிலேயரே ‘ஹூம்’மை அதிகம் தொடுவதில்லை. ‘டு’, ‘வித்’ போன்ற சொல்லுக்கு நேர் பின்னால் வந்தால்தான் அது கட்டாயம். ‘அவரை’ என்று வரும் மற்ற இடங்களில் ‘ஹூ’ என்பார்கள், இல்லாவிட்டால் எதையுமே போடாமல் விட்டுவிடுவார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும், வசனம் லேசாக ஓடும்.

அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் வெட்டின சொல்லுக்குப் பதில் ஒன்றும் எழுதாமல், ‘த டீச்சர் ஐ மெட்’ என்று வாசித்துக் காட்டினாள். சரி போட்டேன்.