ஹெர்னியா பெல்ட்: காலிடுக்குப் பட்டைக்குத் தனியாக ஒரு வசவு

வத்தலகுண்டில் இருக்கும் மச்சினனுக்கும் வலது கவட்டில் குடல் இறங்கியிருக்கிறதாம். "மாமா, நீங்க போடுற பெல்ட்டு தேவலையா? நானும் ஒண்ணு வாங்கிரவா?" என்று கேட்டான். போனில் பக்கத்தில் ஆள் இருந்ததால் பாதிதான் சொல்ல முடிந்தது.

பெல்ட் வேலை செய்கிறது. பூம்பாறையில் பூண்டு போடுகிறவனுக்குக் குனிவதும் குத்தவைப்பதும்தான் பிழைப்பு. முன்னெல்லாம் பாத்தியை விட்டு எழுந்தாலே எலுமிச்சங்காய் அளவுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டேதான் வரப்பு ஏறுவேன். இப்போது அந்தக் கைக்கு விடுதலை. பனிக்காலத்து இருமலுக்கும் பழைய பயம் இல்லை.

மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. எழுந்து நின்றபின் மாட்டினால் பிரயோசனமில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இறங்கியதை மெதுவாக உள்ளே தள்ளி, போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் பேடை, அதாவது பெல்ட்டில் அமுக்கிப் பிடிக்கிற மெத்தையை, அந்த இடத்தில் வைத்து இழுத்து ஒட்ட வேண்டும். உள்ளே போகாத குடல்மேல் பெல்ட்டை இறுக்குவது வினையை விலைக்கு வாங்குவது. ராத்திரி கழற்றிவிட வேண்டும்.

இனி, பெல்ட் மேலே ஏறாமல் காலிடுக்கு வழியாக இழுத்துப் பிடிக்கிற அந்தப் பட்டை. இதை யோசித்த மகராசன் ஒரு ஐப்பசி மாதமாவது மலையில் இருந்து பார்த்திருக்க வேண்டும். பட்டை இல்லாமலும் முடியாது. குனிந்த மாத்திரத்தில் பெல்ட் தொப்புளைப் பார்க்கக் கிளம்பிவிடும், பேடு அடிவயிற்றில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். ஆனால் வேர்வையும் மழையும் வந்து சேருகிற இடமும் அதுதான். துவைத்தால் காயாது. மூட்டம் இறங்கிவிட்டால் கொடியில் போட்டதைவிட ஈரமாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அடுப்போரம் போட்டேன், எலாஸ்டிக் இளகி, புகைவாடை ஏறிவிட்டது. ஈரத்தோடே மாட்டினால் தொடை இடுக்கு வெந்து, அரிப்பு உயிரை எடுக்கும். கொடைக்கானல் டெய்லரிடம் புது எலாஸ்டிக் வைக்கக் கொடுத்தபோது அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏரிக்கரைக் குதிரைக்குப் போடுறதாண்ணே?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எவ்வளவு இறுக்கினாலும் ஓட்டை ஓட்டைதான். வயிற்றுச் சுவரில் விட்டுப்போன இடத்தை எலாஸ்டிக் அடைக்காது, ஆபரேஷனில், பெரும்பாலும் வலை வைத்து, தைத்தால்தான் உண்டு. தொந்தரவு குறைவு, படுத்தால் உள்ளே போகிறது என்பதால் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்றார் டாக்டர். அதற்கு ஆதாரமும் இருக்கிறது: என் மாதிரி ஆண்களை அறுக்காமல் கவனித்துவந்த அமெரிக்க ஆய்வு 2006-ல் வந்தது. குடல் சிக்கி அவசரமானது ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு இரண்டுக்கும் குறைவு. ஆனால் அவர்களையே தொடர்ந்து கவனித்து 2013-ல் வந்த கணக்கில், பத்து வருடத்தில் மூன்றில் இரண்டு பேர், பெரும்பாலும் வலி தாங்காமல், தாங்களே போய் அறுத்துக்கொண்டார்கள். அந்த ஆய்வு பொறுத்திருப்பதைப் பற்றியது, பெல்ட்டைப் பற்றியது அல்ல. பெண்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. ஆண்களைவிட அவர்களுக்குத் தொடைப்பக்கம் இறங்குவது அதிகம், அது சீக்கிரம் சிக்கும்.

எனக்கு ரோடுதான் கவலை. வீக்கம் உள்ளே போகாமல் கெட்டிப்பட்டு, வலியும் வாந்தியும் வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அது மணிக்கணக்கு விவகாரம். ராத்திரி மழையில் பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் வந்து, பெருமாள்மலை தாண்டி, காட்ரோடு இறங்குவதற்குள் என்ன ஆகுமோ?

மச்சினனே, உனக்குக் கீழேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. இவ்வளவு மெச்சிவிட்டுச் சொல்கிறேனே என்று பார்க்காதே: வாங்காதே. பட்டை காய்ந்திருந்த நாளில் கேட்டிருந்தால் வாங்கு என்றுகூடச் சொல்லியிருப்பேன். போய் சர்ஜனைப் பார். அவர் தேதி கொடுத்து, அதுவரைக்கும் பெல்ட் போட்டுக்கொள் என்று சொன்னால் போன் பண்ணு, கடைப் பெயரைச் சொல்கிறேன்.

நான் இந்தப் போகப் பூண்டை எடுத்துவிட்டு வருகிறேன். மாற்றிப் போட இன்னொரு பெல்ட்டும் வாங்கியாயிற்று.