இரண்டு நிமிடத் தாமதத்துக்காகப் பழைய அவுட்லுக்கை விடாதவரின் குறிப்பு

"புது அவுட்லுக்குக்கு மாறலாமா?" சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை செய்யும் நண்பர் கேட்டார். மைக்ரோசாஃப்டின் இந்த மின்னஞ்சல் செயலியில் புதியது சட்டென்று திறக்கிறது. மடலை மேலே பின் செய்து வைக்கலாம், ஸ்னூஸ் போட்டு மறுநாள் காலை வரவழைக்கலாம். நல்ல வசதிகள்தாம். ஆனால் அனுப்பும் மடல்களையெல்லாம் சற்று நிறுத்தி வைக்கும் விதி அதில் இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

பழைய கிளாசிக்கில் ஃபைல், மேனேஜ் ரூல்ஸ் அண்ட் அலர்ட்ஸ், நியூ ரூல் என்று போங்கள். நாம் அனுப்பும் மடல்களுக்கான விதியைத் தேர்ந்தெடுத்து, நிபந்தனை எதையும் டிக் செய்யாமல் நெக்ஸ்ட். எல்லா மடலுக்கும் பொருந்தும், சரியா என்று கேட்கும், யெஸ். பிறகு மடலைத் தாமதித்து அனுப்பும் டிஃபர் டெலிவரியை டிக் செய்து 2 நிமிடம் வையுங்கள். 120 வரை வைக்கலாம், தேவையில்லை. விதிவிலக்கில் ஹை இம்பார்ட்டன்ஸைச் சேர்த்துவிட்டால், அவசர மடலுக்குச் சிவப்பு ஆச்சரியக்குறி போட்டதும் உடனே போய்விடும்.

எதற்கு இவ்வளவு? முகவரிக் கட்டத்தில் குமார் என்று அடிக்கத் தொடங்கினாலே நம் குழுவில் ஒருவர், சென்னைக் கிளையில் ஒருவர், வாடிக்கையாளர் பக்கம் ஒருவர் என்று வரிசையாக வந்து நிற்பார்கள். என்டர் தட்டினால் முதலில் நிற்பவர் விழுவார். அது கண்ணில் படுவது பெரும்பாலும் செண்ட் அழுத்திய பிறகுதான். அனுப்பிய மடலைத் திரும்பப் பெறும் ரீகால் நம் நிறுவனத்துக்குள் மட்டுமே எடுபடும். வெளியே போனது போனதுதான். இணைப்பில் 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தனிப்பட்ட விவரம் இருந்தால் இன்னும் சிக்கல். அறிவிக்க வேண்டிய கசிவு என்று உறுதியானதும் 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். செண்ட் அழுத்தியதை ரத்து செய்ய, புதியதில் இருக்கும் அன்டூ செண்ட் தருவது அதிகபட்சம் 10 வினாடி. இணைத்த எக்செல்லைத் திறந்து பார்க்கக்கூட அது பத்தாது!

பழையதிலும் தொல்லை உண்டு. இந்த விதி உங்கள் கணினியில்தான் ஓடும்; கைப்பேசியில் அனுப்பும் மடலை அது தொடாது. மாலை 5.59க்குச் செண்ட் அழுத்தி உடனே லேப்டாப்பை மூடினால் மடல் அவுட்பாக்ஸிலேயே கிடக்கும். சென்னையில் அப்போது பிற்பகல் மூன்றரை, அவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். அவுட்பாக்ஸில் நிற்கும் மடலைத் திறந்து பார்த்துவிட்டு வெறுமனே மூடினாலும் இதே கதி: சாய்வெழுத்தில் இருந்த தலைப்பு நிமிர்ந்துவிடும், மடல் போகாது. திறந்தால் மறுபடி செண்ட் அழுத்தியே மூட வேண்டும். இத்தனை ஆண்டாக இதைச் சரிசெய்யாமல் வைத்திருப்பது எரிச்சல்தான்.

வசதிகளை எண்ணிப் பார்த்தால் புதியதுதான் முந்தும். இருந்தாலும் நண்பருக்கு என் பதில்: மாறாதீர்கள். கிளாசிக்குக்கு 2029 வரையாவது ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதற்குள் இந்த விதியைப் புதியதில் சேர்த்தால் அப்போது மாறிக்கொள்ளலாம்.